பேச்சு போனவரும் பொருள் போனவரும்

1861 அக்டோபரில், பாரிஸை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெலோங் என்ற முதியவர் சேர்க்கப்பட்டார். வயது 84. கீழே விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. ஆனால் அவரைப் பார்க்க வந்த அறுவை மருத்துவர் பால் ப்ரோக்காவுக்கு எலும்பைவிட வாய்தான் முக்கியமாகப் பட்டது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்ததிலிருந்து லெலோங்கிடம் மிச்சம் இருந்தவை ஐந்தே வார்த்தைகள். ஆமாம், இல்லை, எப்போதும், பாதி தேய்ந்துபோன தன் பெயர், அப்புறம் ‘மூன்று’. எந்த எண்ணைக் கேட்டாலும் ‘மூன்று’தான், அதுவும் மழலையாகத்தான் வரும்.

ப்ரோக்கா கேட்டார்: பிள்ளைகள் உண்டா? ஆமாம். எத்தனை பேர்? “மூன்று” என்று சொல்லிக்கொண்டே நாலு விரலைக் காட்டினார். அதில் பையன்கள்? “மூன்று”, இரண்டு விரல். பெண்கள்? “மூன்று”, மறுபடியும் இரண்டு விரல். மணி என்ன? கடிகாரத்தைப் பார்த்துவிட்டு “மூன்று” என்றபடி பத்து விரலையும் விரித்தார். அப்போது மணி பத்து.

மூளையையும் மொழியையும் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ ஆராய்ச்சிகள் வந்துவிட்டன. ஸ்கேனர் வந்தது, காந்தம் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. ஆனாலும் இந்த விரல்கணக்கைப் போல ஒரு விஷயத்தைப் பளிச்சென்று காட்டியது வேறெதுவும் இல்லை என்பேன். வாய் தப்பாகச் சொல்கிறது. ஆளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. நாலு என்ற எண் உள்ளே முழுசாக இருக்கிறது, ‘நாலு’ என்ற சொல் மட்டும் வெளியே வர வழியில்லை.

அதே வருஷம் ஏப்ரலில் ப்ரோக்கா இன்னொருவரைப் பார்த்திருந்தார். பாடப்புத்தகங்களில் எல்லாம் இடம்பிடித்தவர் இவர்தான்: லெபோர்ன், வயது 51. எதைக் கேட்டாலும் “டான், டான்” என்பார். ஆஸ்பத்திரியில் அவர் பெயரே டான் ஆகிவிட்டது. இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, விரித்த கையை நாலு தடவை காட்டி, கூடவே ஒற்றை விரலையும் நீட்டினார். இருபத்தொன்று. சரியான கணக்கு. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது முறை கேட்டபோது, இவன் நம்மைச் சோதித்துப் பார்க்கிறான் என்று புரிந்துபோய், கோபத்தில் ஒரு வசவை முழுசாக, பிசிறில்லாமல் சொன்னார். டான் தவிர அவர் வாயில் வந்தது அது ஒன்றுதான். பார்த்த சில நாளில் அவர் இறந்துபோக, ப்ரோக்கா மண்டையைத் திறந்து இடது நெற்றிப் பக்கம் அழிந்திருந்ததைக் கண்டார். அந்த இடத்துக்கு ப்ரோக்கா பகுதி என்றே பெயர் வந்தது. அந்த மூளையைப் பாரிஸில் பத்திரமாக வைத்திருந்தார்கள். 2007இல் நினா ட்ராங்கர்ஸும் கூட்டாளிகளும் அதை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, சேதம் மேலே தெரிந்த இடத்தோடு நிற்கவில்லை, உள்ளே ஆழத்தில் ஓடும் நரம்பு இழைகள்வரை போயிருந்தது தெரிந்தது. ‘இந்த இடத்தில்தான் பேச்சு இருக்கிறது’ என்று புள்ளி வைத்துச் சொல்வது அதோடு கொஞ்சம் அடங்கியது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் திண்டுக்கல்லில் ஹார்ட்வேர் கடை வைத்திருந்த என் பெரியப்பா. பூட்டுக்குப் பேர்போன ஊரில் பூட்டு விற்றவர். ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவருக்கு வலது கை தொங்கிவிட்டது, வாய் கோணிவிட்டது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது அன்று வீட்டில் யாருக்கும் தெரியாது. உப்பு, சர்க்கரை, விளக்கெண்ணெய் என்று பாதி நாள் போய்விட்டது. இடது பக்க மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயில் அடைப்பு.

மிஞ்சியது ஒரே வார்த்தை: “அதான்.” சாப்பாட்டுக்கும் அதான், கரண்டு போனாலும் அதான், பேரன் வந்தாலும் அதான். ஆனால் கடையில் உட்கார வைத்தால், வாடிக்கையாளர் வந்து “ஆறு இஞ்சுத் தாழ்ப்பாள், பித்தளையில” என்று கேட்டதுமே இடது கை சரியான தட்டைக் காட்டும். பையன் நாலு இஞ்சை எடுத்தால் மூஞ்சியைச் சுளிப்பார். மாங்காய்ப் பூட்டு கேட்டவருக்கு வேறு பூட்டை நீட்டினால் “அதான்! அதான்!” என்று கத்துவார். கடைப் பையன் பாவம், அது வேண்டும் என்கிறாரா வேண்டாம் என்கிறாரா என்று முழிப்பான்.

வங்கிக்குப் போனபோதுதான் பெரிய வம்பு. எந்த வங்கி என்பது வேண்டாம். கவுன்டரில் இருந்தவர் “உங்க பேர் சொல்லுங்க” என்றார். “அதான்.” “பிறந்த தேதி?” “அதான்.” உடனே உள்ளே கூட்டிப்போய், சுயபுத்தியோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் சர்ட்டிஃபிகேட் வாங்கி வாருங்கள் என்றார்கள். பெரியப்பா அந்த மேனேஜரைப் பார்த்து “எடுபட்ட பய” என்றார். அட்சரம் பிசகவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் முழு வாக்கியம் என்று அதைக் குடும்பத்தில் இன்னும் கொண்டாடுகிறோம்.

வசவு மட்டும் எப்படி வந்தது? இங்கிலாந்தின் நரம்பியல் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டார். நாமாக யோசித்து, சொல்லைத் தேடி எடுத்துக் கோத்துச் சொல்வது ஒரு வகை. தன்னால் வாயில் வந்துவிழுவது இன்னொரு வகை: திட்டு, சாமி பேர், ‘ஐயையோ’, வாய்ப்பாடு, பாட்டு. முதல் வகை அடியோடு போனவர்களுக்கும் இரண்டாவது பிழைத்துக் கிடக்கும். பெரியப்பாவால் ‘ஏழு’ என்று தனியாகச் சொல்ல முடியாது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நாம் தொடங்கி வைத்தால் சரசரவென்று ஏழுவரை வந்து, அங்கே நின்று, விரலால் தரையைத் தட்டிக் காட்டுவார், இதுதான் நான் சொல்ல வந்தது என்று. 1973இல் பாஸ்டன் மருத்துவர்கள், பேச்சை ராகத்தில் ஏற்றிப் பழக்கும் சிகிச்சையைக் கொண்டுவந்தது இந்த மிச்சத்தை நம்பித்தான்.

இன்னொன்றையும் கவனித்தேன். முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தால் சொல் வந்துவிடும். பூட்டைக் காட்டினால் பேச்சு வராது, “பூ...” என்றால் “பூட்டு!” என்று குதிக்கும். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்தார். சொல் அழியவில்லை, அதை எட்டிப் பிடிக்கத்தான் முடியவில்லை என்பதற்கு இது அடையாளம். இந்த எழுத்துச் சங்கதியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

இதற்காக, வாய் மட்டும்தான் போச்சு, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. நாங்களும் “அவருக்கு எல்லாம் புரியும்” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். 1976இல் கராமாசாவும் ஜூரிஃபும் செய்த சோதனை அந்த நம்பிக்கையில் ஓட்டை போட்டது. ‘பையன் தின்கிற ஆப்பிள் சிவப்பு’ என்பது மாதிரி வாக்கியம் பெரியப்பா மாதிரி நோயாளிகளுக்குப் புரிகிறது, ஏனென்றால் ஆப்பிள் பையனைத் தின்னாது. ‘பெண் துரத்துகிற பையன் உயரம்’ என்றால் யார் யாரைத் துரத்துகிறார் என்று தடுமாறிவிடுகிறார்கள். தமிழில் அந்தப் பாரத்தை ஓர் ‘ஐ’ சுமக்கிறது. ‘மானைப் புலி அடித்தது’ என்பதை உலக அறிவை வைத்தே பிடித்துவிடலாம். ‘ராமுவை சோமு அடித்தான்’ என்றால் உருபைப் பிடித்தாக வேண்டும். பெரியப்பாவிடம், யார் யாருக்குப் பணம் தர வேண்டும் என்கிற பேச்சு வந்தால் கண்ணில் ஒரு கலக்கம் தெரியும். அதை நாங்கள் கவலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது அத்தைக்கு வருகிறேன். பெரியப்பாவின் தங்கை, நாலு தெரு தள்ளி இருக்கிறார். பேச்சில் அவரை யாரும் அடிக்க முடியாது. நேற்று யார் வந்தார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள், பால்காரன் எத்தனை நாள் வரவில்லை எல்லாம் விரல்நுனியில். கொஞ்ச நாளாகப் பேச்சில் ‘அது’, ‘அந்தச் சாமான்’, ‘அது மாதிரி’ கூடிக்கொண்டே போனது. நம் வீடுகளில் யார்தான் அப்படிப் பேசாமல் இருக்கிறார்கள்? யாரும் பொருட்படுத்தவில்லை.

ஒருநாள் மச்சான், அதாவது அத்தை மகன், “அம்மா, ரசத்துல சீரகம் போட்டியா?” என்று கேட்டிருக்கிறார். அத்தை திரும்பி, சாதாரணமாக, “சீரகம்னா என்னடா?” என்றார்.

விளையாட்டாகக் கேட்கவில்லை. டப்பாவைத் திறந்து காட்டினார்கள். பார்த்தார், முகர்ந்தார், “என்னமோ விதை மாதிரி இருக்கு” என்றார். “சீ... சீர...” என்று மச்சான் எடுத்துக் கொடுத்தும் ஒன்றும் அசையவில்லை. பெரியப்பாவுக்கு “பூ” போதும். அத்தைக்கு முழுச் சொல்லையே கையில் கொடுத்தும், அது யாரோ அந்நியரின் பெயர் மாதிரிதான் இருந்தது.

1975இல் லண்டனின் குயின் ஸ்கொயர் மருத்துவமனையில் எலிசபெத் வாரிங்டன் மூன்று நோயாளிகளை விவரித்தார். பேச்சு சரளம், இலக்கணம் சுத்தம், உச்சரிப்பில் குறையில்லை. ஆனால் பொருள்களைப் பற்றிய அறிவே கரைந்துகொண்டிருந்தது. 1989இல் ஜூலி ஸ்னோடனும் கூட்டாளிகளும் இதற்கு செமான்டிக் டிமென்ஷியா, அதாவது பொருளறிவு கரையும் மூளைத்தேய்வு, என்று பெயர் வைத்தார்கள். நடுவயது தாண்டி, பெரும்பாலும் அறுபதை ஒட்டி, சத்தமில்லாமல் ஆரம்பிக்கும். சுருங்குவது டெம்போரல் லோபின் முன்முனை. நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, காதுக்கு முன்பக்கம் இருக்கும் பகுதி. அதிலும் இடது பக்கம் வழக்கமாக முந்திக்கொள்ளும்.

அது உதிரும் விதத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நுணுக்கமானது முதலில் போகும், பொதுவானது கடைசிவரை நிற்கும். அன்னத்தைக் காட்டினால் வாத்து என்பார்கள், பிறகு பறவை, பிறகு வெறும் மிருகம். ஒரு நோயாளி வரிக்குதிரைப் படத்தைப் பார்த்துக் குதிரை என்று சொல்லிவிட்டு, இந்த வேடிக்கையான கோடுகள் எதற்கு என்று கேட்டாராம். கேம்பிரிட்ஜில் சில நோயாளிகளிடம் வாத்துப் படத்தைக் காட்டி, மூடிவிட்டு, சற்றுப் பொறுத்து வரையச் சொன்னார்கள். நாலு காலோடு வாத்து வந்தது. ஒட்டகத்துக்குத் திமில் இல்லை. பென்சில் பிடிக்கும் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மிருகம் என்றால் நாலு கால் என்கிற பொது அறிவு மிஞ்சியிருக்கிறது, வாத்துக்கு மட்டும் உரியது போய்விட்டது.

மூளையில் ஒரு சொல்லின் பொருள் ஓரிடத்தில் மூட்டை கட்டி வைக்கப்படவில்லை. சீரகத்தின் வாசனை ஓரிடம், நிறம் ஓரிடம், எண்ணெயில் பொரியும் சத்தம் ஓரிடம், கிள்ளிப் போடும் விரலசைவு ஓரிடம். 2004இல் ஓலாஃப் ஹவுக்கும் கூட்டாளிகளும், ‘உதை’ போன்ற காலோடு சம்பந்தப்பட்ட சொல்லைப் படித்தாலே மூளையில் காலை அசைக்கும் பகுதியின் அக்கம்பக்கம் விழிப்பதைக் கண்டார்கள். கையோடு சம்பந்தப்பட்ட சொல்லுக்குக் கைப் பகுதி. இந்தத் தண்டவாளங்கள் எல்லாம் வந்து கூடும் ஜங்ஷன்தான் டெம்போரல் லோபின் முன்முனை என்பது கேரலின் பாட்டர்சன், லாம்பன் ரால்ஃப் போன்ற ஆராய்ச்சியாளர்களின் கருத்து. ஊர்கள் அப்படியே இருக்கின்றன, ஜங்ஷன்தான் இடிந்துவிட்டது. 2007இல் நல்ல ஆரோக்கியமானவர்களின் அந்தப் பகுதியைக் காந்தத் துடிப்பால் சற்று நேரம் மந்தமாக்கிப் பார்த்தபோது, படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதில் அவர்களும் தாமதித்தார்கள்.

எல்லா இழப்பும் இப்படிச் சீராக இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஹெர்பிஸ் வைரஸ் மூளைக்காய்ச்சலில் பிழைத்த ஒருவரை வாரிங்டனும் ஷாலிஸும் 1984இல் விவரித்தார்கள். திசைகாட்டியும் கைப்பெட்டியும் என்னவென்று ஒழுங்காகச் சொன்னவருக்குக் கிளி என்றால் என்னவென்று தெரியவில்லை. மறுவருஷம் எம்.டி. என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒருவர்: மணிச்சட்டத்துக்கும் எகிப்திய ஸ்ஃபிங்ஸுக்கும் பெயர் சொல்கிறார், ஆரஞ்சுப் பழத்துக்குச் சொல்லத் தெரியவில்லை. பழமும் காய்கறியும் மட்டும் தனியாகக் கழன்றுவிட்டன. ஏன் என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

அத்தை விஷயத்தில் எங்களை அதிகம் ஏமாற்றியது பேப்பர். தினமும் காலையில் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகத் தலைப்புச் செய்தி படிப்பார். “இப்படிப் படிக்கிறவளுக்கு மூளையில என்ன கோளாறு இருக்கப்போவுது?” என்று மாமா கேட்பார். ஆங்கிலம் படிக்கிறவர்களாக இருந்தால் முன்பே பிடிபட்டிருக்கும். ஆங்கிலத்தில் பல சொற்களை எழுத்துக் கூட்டினால் தப்பாகத்தான் வரும், தெரிந்து வைத்திருந்தால்தான் வாசிக்க முடியும். இந்த நோயாளிகள் அங்கே சறுக்குவார்கள். ஜப்பானில் படஎழுத்தான காஞ்சியைத் தப்பாக வாசித்து, ஒலியெழுத்தான கானாவைச் சரியாக வாசிப்பவர்களை இமுரா என்ற மருத்துவர் 1943இலேயே குறித்து வைத்தார். தமிழில் எழுத்தைக் கூட்டினால் சொல் வந்துவிடும். பொருள் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கசிகிற இடம் ஒன்று உண்டு என்பது என் ஊகம்: ‘பாஸ்’ என்று எழுதியிருந்தால் பரீட்சையில் ஜெயித்ததா, முதலாளியா என்று பொருளை வைத்துத்தான் உச்சரிக்க முடியும். தினத்தாள் முழுக்க இப்படிச் சொற்கள் இருக்கின்றன. ஆனால் வீட்டில் யார் அதைக் காது கொடுத்துக் கேட்கிறோம்.

ஆஸ்பத்திரியிலும் முதலில் இதே கதைதான். உலகமெங்கும் பயன்படும் முப்பது மதிப்பெண் சோதனை ஒன்று இருக்கிறது, 1975இல் வந்தது. இன்று என்ன கிழமை, எந்த ஊர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், மூன்று பொருள்களைச் சொல்கிறேன், சற்றுப் பொறுத்துத் திருப்பிச் சொல்லுங்கள். அத்தை கிழமை சொன்னார், ஊர் சொன்னார், கழித்தலில் டாக்டரையே முந்தினார். இந்த நோயில் எண்ணறிவு பெரும்பாலும் நெடுநாள் தங்கும். டாக்டர் சிரித்துக்கொண்டே ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதே சோதனையைப் பெரியப்பாவுக்கு வைத்தபோது கிட்டத்தட்ட பூஜ்யம். பெரும்பாலான கேள்விகளுக்கு வாயால் பதில் கேட்கிற சோதனையில் “அதான்” என்பவர் என்ன மதிப்பெண் வாங்குவார்? ஒருவர் சுயபுத்தி இல்லாதவர் என்றும் இன்னொருவர் திடமானவர் என்றும் எங்கள் வீட்டிலேயே இரண்டு காகிதங்கள் கிடந்தன. இரண்டும் தப்பு.

பேச்சையே அடியோடு ஒதுக்கிவிட்டுப் படத்தை மட்டும் காட்டும் சோதனையும் இருக்கிறது. ஹோவர்டும் பாட்டர்சனும் 1992இல் வெளியிட்டது. மேலே பிரமிடு படம். கீழே இரண்டு மரம், ஒன்று பனைக் குடும்பம், ஒன்று ஊசியிலை. பிரமிடோடு எது சேரும்? தொட்டுக் காட்டினால் போதும். திண்டுக்கல்லில் பிரமிடை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நானும் மச்சானும் போனிலேயே படம் பிடித்து அட்டைகள் தயாரித்தோம். நுங்குக்கு எது, பனையா வாழையா? உரலுக்கு எது, உலக்கையா பூரிக்கட்டையா? மருத்துவச் சோதனை என்று இதைச் சொல்ல மாட்டேன், டாக்டரிடம் எதைச் சொல்லிப் புரியவைப்பது என்பதற்காகச் செய்தது.

பெரியப்பாவுக்கு இது அவமானமாகவே பட்டது. அட்டையை வைத்து முடிக்கும் முன்னே இடது கை உலக்கையைத் தட்டியது, “அதான்” என்று ஒரு முறைப்பு வேறு.

அத்தை இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டும் கட்டைதானே? எதை வச்சா என்ன?” நுங்குப் படத்தைப் பார்த்து “இட்லியா?” என்றார்.

அந்த அட்டைகளோடு வேறொரு டாக்டரிடம் போனோம். எம்.ஆர்.ஐ.யில் இடது பொட்டுப் பக்கம் சுருங்கியிருந்தது மருத்துவம் படிக்காத எனக்கே தெரிந்தது. இதை நிறுத்தவோ திருப்பவோ மருந்து கிடையாது. நடிகர் புரூஸ் வில்லிஸ் குடும்பத்தார் 2022 மார்ச்சில் அவருக்குப் பேச்சிழப்பு என்றும், 2023 பிப்ரவரியில் அது ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா (மூளையின் நெற்றிப் பக்கமும் பொட்டுப் பக்கமும் சுருங்கும் நோய்) என்றும் அறிவித்தார்கள். அத்தையின் நோயும் அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. அவ்வளவு வசதி இருக்கிறவர்களுக்கே கண்டுபிடிக்க இத்தனை நாள் ஆகிறதே என்று மாமா கொஞ்சம் சமாதானப்பட்டார்.

பெரியப்பாவோடு இப்போது பழகும் முறை மாறிவிட்டது. “என்ன வேணும்?” என்று கேட்பதில்லை, டம்ளரையும் தட்டையும் காட்டிக் கேட்கிறோம். பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கிறோம், இதுதான் எங்கள் வீட்டில் கஷ்டம். சொற்களும் மெல்ல ஏறி வருகின்றன. பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில்தான் வேகமாகத் திரும்பும், ஆனால் அதற்குப் பிறகும் பயிற்சியால் தேறியவர்கள் உண்டு.

அத்தைக்குப் போக்கு எதிர்த்திசையில். சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்கிறார்; விட்டால் மறுபடி உதிர்ந்துவிடுகிறது. ஆராய்ச்சிகளிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். கற்றது அந்தக் குறிப்பிட்ட பொருளோடு ஒட்டிக்கொள்கிறதே தவிர, அதே மாதிரி இன்னொன்றுக்குத் தாவுவதில்லை. தன் வீட்டுச் சொம்பை எடுத்துச் சரியாகப் புழங்குகிறவர்கள், அதே வேலைக்கான வேறு சொம்பைக் கொடுத்தால் திகைக்கிறார்கள். அத்தை தன் அடுப்படியில் கண்ணை மூடிக்கொண்டு இட்லி ஊற்றுகிறார். ஒரு கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போய்த் தங்கியபோது, மச்சான் வீட்டு இட்லிக் குக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதில் காய்கறியைப் போட்டு மூடி வைத்தார்.

ஆகவே கோயம்புத்தூருக்கே கூட்டிப்போய் வைத்துக்கொள்கிறேன் என்று மச்சான் ஆசையாகச் சொல்வதை நான்தான் தடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் அவருக்கும் இதில் கொஞ்சம் மனத்தாங்கல்கூட. திண்டுக்கல் வீட்டில் மிக்சியின் குமிழ் உடைந்து, அதில் ஒரு துணியைச் சுற்றித்தான் அத்தை திருப்புகிறார். புதுசு ஒன்று ஆர்டர் போட்டுவிடவா என்று போன வாரம் மச்சான் கேட்டார். வேண்டாம், அந்தப் பழைய மிக்சிக்கே எங்கேயாவது குமிழ் கிடைக்குமா பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.